நண்பரை விசுவாச உரையாடலுக்கு அழைப்பது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

கிறிஸ்துவை விசுவாசிக்கிற ஒருவருக்கு, தன் வாழ்வின் நடுவில் இருப்பதைத் தன் நெருங்கிய நண்பரிடம் ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பு. பேச வேண்டுமா என்பதில் பலருக்கு ஐயமே இல்லை. எங்கே, எப்படி, யாரை உடன் வைத்துக்கொண்டு பேசுவது என்பதில்தான் தயக்கம். ஆராதனைக்கு வரும்படி கேட்பதா, திருச்சபை நடத்தும் அறிமுக வகுப்பில் சேரச் சொல்வதா, இருவருமாக உட்கார்ந்து ஒரு நற்செய்தி நூலை வாசிப்பதா, அல்லது பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும் நாளுக்காகக் காத்திருப்பதா? ஒவ்வொரு வழியும் நண்பரிடமிருந்து வெவ்வேறு அளவு நேரத்தையும் துணிவையும் கேட்கிறது, அழைப்பவரிடமிருந்தும் அப்படியே. ஆகவே பழக்கத்தின்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், அந்த நண்பரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எதை வைத்து எடைபோடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பரால் சங்கடமின்றி மறுக்க முடிகிறதா, தொடங்கிய பிறகும் நட்புக்குக் குந்தகமின்றி நிறுத்திக்கொள்ள முடிகிறதா என்பது முதல் அளவுகோல். அவருடைய கேள்விகளுக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இரண்டாவது. அவர் அங்கே இயேசுவைச் சந்திக்கிறாரா, இயேசுவைப் பற்றிய நம்முடைய கருத்துகளை மட்டும் சந்திக்கிறாரா என்பது மூன்றாவது. இவற்றில் முதலாவதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் செல்வந்தன் ஒருவன் இயேசுவிடம் ஓடிவந்து முழந்தாளிட்டு நித்திய வாழ்வைப் பற்றிக் கேட்கிறான். இயேசு அவனை உற்றுப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் அவன் மனம் வாடிப் போகும்போது, இயேசு பின்னாலேயே சென்று கோரிக்கையைக் குறைத்துச் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. அன்புகூர்ந்தவரே அவனைப் போகவும் விட்டார். நண்பரின் மறுப்பைத் தாங்க முடியாத அழைப்பு, எவ்வளவு பக்தியோடு செய்யப்பட்டாலும், இந்தக் காட்சிக்கு வெளியே நிற்கிறது.

திருச்சபைகளும் இதைப் பொதுவில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. உலகத் திருச்சபைகள் மன்றம், பல்சமய உரையாடலுக்கான திருப்பீட மன்றம், உலக இவாஞ்செலிக்கல் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்து, பல சமயங்கள் வாழும் உலகில் கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று 2011இல் ஓர் ஆவணம் வெளியிட்டன. பன்னிரண்டு கொள்கைகளைக் கொண்ட அந்த ஆவணம், ஏமாற்றுதலையும் வற்புறுத்தலையும் பொருளாசை காட்டுவதையும் நற்செய்திக்கே துரோகமான செயல்களாகப் பார்க்கிறது. ஒருவர் தம் சமயத்தை மாற்றிக்கொள்வது பெரிய முடிவு என்பதால், சிந்திக்கவும் ஆயத்தப்படவும் போதிய காலமும் முழுமையான தனிமனிதச் சுதந்திரமும் வேண்டும் என்றும் சொல்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையாரும் இவாஞ்செலிக்கல் கிறிஸ்தவரும் ஒரே தாளில் உடன்படுவது அடிக்கடி நடப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் உடன்பட்டிருக்கிறார்கள் என்பதை அழைக்கிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சுவாக்கில் வரும் உரையாடல்

முதல் வழி, தனியே எதையும் ஏற்பாடு செய்யாமல், நட்பின் போக்கிலேயே பேசுவது. இதற்கு வேதத்தில் உறுதியான ஆதாரம் உண்டு. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில், நம்முள் இருக்கும் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றும், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்ல வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே முதலில் கேட்கிறவர் நண்பர். கேள்வி அவருடையதாக இருப்பதால் வற்புறுத்தலுக்கு இடம் மிகக் குறைவு. பேச்சை அவர் எந்த நேரத்திலும் வேறு பக்கம் திருப்பிவிடலாம். முதல் அளவுகோலின்படி பார்த்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த வழியில் எதுவுமே தொடங்காமல் ஆண்டுகள் ஓடிவிடும். தொடங்கினாலும், பேச்சு பெரும்பாலும் கிறிஸ்தவத்தைச் சுற்றியுள்ள பொருள்களில் சிக்கிக்கொள்ளும்: சிலுவைப் போர்கள், திருச்சபைத் தலைவர்களின் ஊழல், அறிவியலும் படைப்பும், நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது என்பது. இவை நியாயமான கேள்விகள். தட்டிக் கழிக்கக் கூடாதவை. ஆனால் பத்து உரையாடல்கள் முடிந்த பின்னும் நண்பர் இயேசு பேசிய ஒரு வாக்கியத்தையாவது, செய்த ஒரு செயலையாவது முழுமையாகச் சந்தித்திருக்க மாட்டார். அவர் சந்தித்ததெல்லாம் உங்கள் வாதத் திறமையும், அன்றைக்கு அது கைகொடுக்காமல் போன இடங்களும்தான்.

இந்த வழியைச் சரியாகக் கையாண்டவர்களும் உண்டு. 1955இல் அமெரிக்கப் போதகர் பிரான்சிஸ் ஷேஃபரும் அவர் மனைவி எடித் ஷேஃபரும் சுவிட்சர்லாந்தின் உயேமோ என்ற மலைக் கிராமத்தில் தங்கள் வீட்டையே திறந்துவைத்து, கேள்விகளோடு வந்த இளைஞர்களைத் தங்கவைத்தார்கள். லப்ரி என்று பெயர் பெற்ற அந்த இல்லத்தில் நேர்மையான எந்தக் கேள்வியும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நாளின் ஒரு பகுதி படிப்புக்கும் ஒரு பகுதி வீட்டு வேலைக்கும் என்று ஒழுங்கு வைத்திருந்தார்கள். உரையாடல் அங்கே தற்செயலாக நிகழ்வதுபோல் தோன்றினாலும், அதற்கான நேரமும் இடமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தன. நாமும் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒழுங்கில் ஒரு பங்காவது தேவைப்படும்: அவசரமில்லாத ஒரு மாலை, இடைமறிக்க யாரும் இல்லாத ஓர் இடம், "நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இன்னொரு முறை பேசலாமா" என்று கேட்கும் துணிவு.

நண்பர் துக்கத்தில் இருக்கும் காலத்துக்கு மட்டும் இந்த வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இழப்பில் இருப்பவரை வகுப்புக்கு அழைப்பதும், அவருக்கு வாசிப்புத் திட்டம் வகுத்துக் கொடுப்பதும், அவருடைய பலவீனமான நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதாக ஆகிவிடும். பழைய ஏற்பாட்டில் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான்.

சேர்ந்து வாசிப்பது

இரண்டாவது வழி, இரண்டு அல்லது மூன்று பேர் சேர்ந்து ஒரு நற்செய்தி நூலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிப்பது. பெரும்பாலான நட்புகளுக்கு இதுவே முதலில் முன்வைக்கத் தகுந்த அழைப்பு என்பது என் கருத்து. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

வாசிக்க எடுக்க வேண்டியது மாற்கு. நான்கு நற்செய்திகளில் அதுதான் மிகச் சிறியது, பதினாறு அதிகாரங்கள். ஒரே மூச்சில் உரக்க வாசித்தாலும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீண்ட வம்ச அட்டவணையோ முன்னுரையோ இல்லாமல் நேராகச் செயலுக்குள் செல்கிறது. வாரத்துக்கு இரண்டு அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரம். நான்காவது வாரத்தின் முடிவில், அதாவது நூலின் சரிபாதியில், இயேசு தம் சீடர்களைப் பார்த்துத் தம்மை யாரென்று சொல்லுகிறார்கள் என்று கேட்கிற இடம் வருகிறது. அதுவரை வாசித்துவந்த நண்பருக்கும் அந்தக் கேள்வி தானாகவே வந்து சேரும். நீங்கள் எழுப்ப வேண்டியதில்லை. நூலே உரையாடலை நடத்துகிறது என்பதுதான் இந்த வழியின் பெரிய பலம்.

இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு. வாசலிலும் இடமில்லாத கூட்டம். பக்கவாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். உள்ளே போக வழியில்லாததால் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். இயேசு அவனைப் பார்த்து முதலில் சொல்வது பாவ மன்னிப்பைப் பற்றி. இதை முதன்முறை வாசிக்கும் நண்பர் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுவார்: "அவன் வந்தது கால் நடக்க வேண்டும் என்பதற்காக. அவன் கேட்காத ஒன்றை ஏன் கொடுக்கிறார்? அவன் என்ன பாவம் செய்தான்?" திருச்சபையில் வளர்ந்தவர்கள் பலமுறை கேட்டுப் பழகியதால் அந்த இடத்தில் நிற்பதே இல்லை. பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அடுத்த வசனத்திலேயே அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்களும், அதாவது யூத வேத அறிஞர்களும், தடுமாறுகிறார்கள். கடவுளைத் தவிரப் பாவங்களை மன்னிக்க யாரால் முடியும் என்பது அவர்கள் மனத்தில் எழுந்த ஆட்சேபம். நண்பர் தன்னுடைய கேள்விக்கு அருகிலேயே இன்னொரு கேள்வியைக் கதைக்குள் கண்டுபிடிக்கிறார். இருவரும் சேர்ந்து மேலே வாசிக்கும்போது, எது எளிது, மன்னிப்பதாகச் சொல்வதா, எழுந்து நடக்கச் சொல்வதா என்று இயேசுவே கேட்கிறார். பன்னிரண்டு வசனங்களுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. இதற்கு ஈடான பேச்சை நம்மில் யாரும் சொந்தமாக ஆயத்தம் செய்துவிட முடியாது.

இதற்கு மூன்று கேள்விகள் போதும். இங்கே என்ன நடக்கிறது? இதில் உங்களுக்கு வியப்பாகவோ நெருடலாகவோ இருப்பது எது? இது உண்மையாக இருந்தால் இயேசுவைப் பற்றி என்ன சொல்ல வேண்டியிருக்கும்? மூன்றாவது கேள்வியில் "உண்மையாக இருந்தால்" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. நண்பர் ஏற்றுக்கொள்ளாத ஒன்றை ஏற்றுக்கொண்டவர்போலப் பேசவைப்பது நேர்மைக் குறைவு. அந்த நிபந்தனையை வைத்துவிட்டால் அவர் தன் ஐயங்களைக் கைவிடாமலே முழு ஈடுபாட்டோடு சிந்திக்க முடியும்.

கடினமான பகுதிகளைத் தாவிச் செல்லக் கூடாது. ஐந்தாம் அதிகாரத்தில் பன்றிக் கூட்டம் கடலில் பாய்ந்து மாய்கிறது. ஏழாம் அதிகாரத்தில் தன் மகளுக்காக வேண்டிவரும் சீரோபெனிக்கியப் பெண்ணிடம் பிள்ளைகளின் அப்பத்தையும் நாய்க்குட்டிகளையும் பற்றி இயேசு பேசுவது யாருக்கும் எளிதில் செரிக்காது. பதினாறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்துக்குப் பிறகு பல பதிப்புகளில் ஓர் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இருக்கும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு அந்த வசனத்தோடு, பெண்கள் பயந்து கல்லறையை விட்டு ஓடுவதோடு, முடிந்துவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். நண்பர் இதைப் பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஒரு பிரதிச் சிக்கலை நாம் மறைக்காமல் எடுத்துக் காட்டும்போது, மற்ற இடங்களில் நாம் சொல்வதையும் அவர் நம்பிக்கையோடு கேட்பார். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரத்துக்குள் தேடிப் பார்ப்பதாகச் சொல்லி, மறக்காமல் தேடிப் பார்க்கவும் வேண்டும்.

இந்த வழிக்கும் வரம்புகள் உண்டு. வாசிப்பில் நாட்டமில்லாத நண்பருக்கு இது பள்ளிக்கூடப் பாடம்போலத் தோன்றலாம். ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்பது ஓரளவு உதவும். அழைத்தவர் ஆசிரியராக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. இருவரில் ஒருவருக்கு நூல் முன்பே தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்பதால், தெரிந்தவரின் வாய் தானாகவே திறந்துகொள்ளும். ஒரு மணி நேரத்தில் நீங்கள் பேசியது பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒருவர், அவரும் விசுவாசத்துக்குப் புதியவராக, சேர்ந்துகொண்டால் இந்தச் சமநிலை எளிதில் அமைகிறது. இரண்டு விசுவாசிகளும் ஒரு நண்பரும் என்று அமைந்தால் அது விசாரணைபோல ஆகிவிடும். அந்த அமைப்பைத் தவிர்ப்பது நல்லது.

திருச்சபை நடத்தும் அறிமுக வகுப்புகள்

மூன்றாவது வழியில் அதிகம் அறியப்பட்டது ஆல்ஃபா. 1977இல் லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில், சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கான அடிப்படைப் பாடமாக அது தொடங்கியது. 1990இல் நிக்கி கம்பெல் பொறுப்பேற்ற பிறகு, சபைக்கு வெளியே இருப்பவர்களை மனத்தில் வைத்து மாற்றியமைக்கப்பட்டது. இன்று பல சபைப் பிரிவுகள், கத்தோலிக்கப் பங்குகள் உட்பட, அதைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு வாரமும் சேர்ந்து உணவு, அதன் பிறகு ஓர் உரை, அதன் பிறகு சிறு குழுவில் கலந்துரையாடல். ஏறத்தாழ பத்துப் பதினோரு வாரங்கள். இடையில் தூய ஆவியானவரைப் பற்றிய ஒரு வார இறுதிக் கூடுகை உண்டு. சிறு குழுவை நடத்துபவர்கள் கற்பிக்காமல் கேட்க வேண்டும் என்பது அதன் பயிற்சியில் வலியுறுத்தப்படுகிறது. லண்டனிலேயே லாங்ஹம் பிளேஸ் ஆல் சோல்ஸ் ஆலயத்திலிருந்து வளர்ந்த கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட் என்ற வகுப்பு மாற்கு நற்செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, இயேசு யார், எதற்காக வந்தார், அவரைப் பின்பற்றுவது என்றால் என்ன என்ற மூன்றையும் தொடர்ந்து கேட்கிறது. என் பார்வையில், உரை கேட்பதைவிட நூலோடு நேரடியாகப் பழக விரும்புகிறவருக்கு இரண்டாவது பொருத்தம். பலரோடு பழகும் சூழலை விரும்புகிறவருக்கு முதலாவது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கென்று பழைய வேர்களுள்ள ஒரு முறை இருக்கிறது. முதல் நூற்றாண்டுகளின் திருமுழுக்குப் புகுநிலையை, அதாவது திருமுழுக்குக்குப் படிப்படியாக ஆயத்தப்படுத்தும் முறையை, மீட்டெடுக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டுக்கொண்டது. அதன்படி வயதுவந்தோருக்கான புகுமுகச் சடங்குமுறை 1972இல் வெளியானது. அதன் முதல் கட்டம் விசாரித்து அறிவதற்கானது. அதற்குக் காலவரையறை இல்லை. அதில் சேர்வதால் திருமுழுக்குப் பெற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை நண்பரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மதம் மாறுவதற்கான வகுப்பாகவே தோன்றும்.

வகுப்புகளின் பெரிய நன்மை, நண்பர் தன்னைப் போலவே கேள்விகளோடு வந்திருக்கும் மற்றவர்களைக் காண்பது. உங்களிடம் கேட்கத் தயங்கிய ஒன்றை அறிமுகமில்லாதவரிடம் எளிதாகக் கேட்டுவிடுவார். உங்கள் மனம் புண்படுமே என்று அவர் இவ்வளவு நாள் அடக்கிவைத்த ஆட்சேபம் அங்கே வெளிவரும். இதை இரண்டாவது வழியால் தர முடியாது.

ஆனால் குழுவின் சேர்க்கையைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. எட்டுப் பேரில் ஏழு பேர் நெடுநாள் சபை உறுப்பினர்களாக இருந்து, உங்கள் நண்பர் ஒருவர் மட்டும் வெளியிலிருந்து வந்தவராக இருந்தால், அவர் பேசும் ஒவ்வொரு ஐயமும் மற்ற ஏழு பேரின் பதிலைச் சந்திக்கும். மூன்றாவது வாரம் அவர் வரமாட்டார். அழைப்பதற்கு முன் நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள்: வெளியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், உரை நிகழ்த்துபவர் யார், வார இறுதிக் கூடுகையில் என்ன நடக்கும், யாருக்காவது சேர்ந்து ஜெபிக்க விருப்பமில்லையென்றால் என்ன செய்வீர்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் அழைக்காமல் இருப்பதே மேல். ஆல்ஃபாவின் வார இறுதியைப் பற்றி முன்கூட்டியே நண்பரிடம் சொல்லிவிடுவதும் கடமை. அது ஜெபத்தை நோக்கிச் செல்லும் கூடுகை என்று தெரியாமல் வந்து அமர்ந்தவர், தான் வேறொன்றுக்குக் கூட்டிவரப்பட்டதாக உணரலாம்; அந்த உணர்வு நியாயமானதே.

வகுப்புக்கு அழைக்கிறவர் தானும் ஒவ்வொரு வாரமும் கூடவே உட்கார வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். யோவான் முதல் அதிகாரத்தில், நாசரேத்திலிருந்து நன்மை வருமா என்று ஏளனம் செய்த நாத்தான்வேலிடம் இயேசுவின் சீடனான பிலிப்பு வாதாடவில்லை. வந்து பார் என்று சொன்னான்; தானும் உடன் நடந்திருப்பான். நண்பரின் பெயரைப் பதிவுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதை அந்தச் சொல்லின் கீழ் கொண்டுவர முடியாது.

ஆராதனைக்கு அழைப்பது

பலரும் முதலில் எடுக்கும் வழி இதுதான், ஏனென்றால் இதற்கு ஆயத்தம் எதுவும் தேவையில்லை. எனக்கு இது நான்காவதாகவே வருகிறது. ஆராதனை விசுவாசிகள் கடவுளோடு பேசும் இடம். நண்பரோடு பேசுவதற்காக அமைந்த இடம் அன்று. அவர் எப்போது எழுந்து நிற்க வேண்டும், பாடலில் சேர வேண்டுமா, நற்கருணைப் பகிர்வின்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் விழிப்பார். கேள்வி கேட்க அங்கே வாய்ப்பே இல்லை. மேடையிலிருந்து புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் பழக்கமுள்ள சபையாக இருந்தால், தயவுசெய்து முதல் முறை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள்.

இருந்தாலும் சிலருக்கு இதுவே சரியான வாசல். வாதங்களில் சலிப்படைந்து, ஆனால் மௌனத்துக்கும் இசைக்கும் ஏங்குகிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்குப் பிரசங்கம் மிகுந்த ஆராதனையைவிட, டேசே முறையிலான ஜெபக் கூடுகை பொருந்தும். சகோதரர் ரோஜர் 1940இல் பிரான்ஸின் டேசே கிராமத்துக்கு வந்து அடித்தளமிட்ட பல்சபைத் துறவுக் குழுமத்திலிருந்து பரவிய அந்த வழிபாட்டில், சிறிய பாடல் வரிகள் மீண்டும் மீண்டும் பாடப்படுகின்றன, ஒரு வாசகம், அதன் பிறகு சில நிமிடங்கள் யாரும் எதுவும் பேசாத மௌனம். பாடாமல் உட்கார்ந்திருப்பவர் அங்கே தனித்துத் தெரிய மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்காவது அமர்ந்து, அவருக்கு அது எப்படி இருந்தது என்று கேட்கும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் அது ஓர் அனுபவமாக மட்டும் நின்றுவிடும்.

விவாத மேடைகளையும் இணையவழிக் குழுக்களையும் பற்றிச் சில சொற்கள் போதும். கிறிஸ்தவர் ஒருவரும் நாத்திகர் ஒருவரும் மோதும் விவாதத்துக்கு அழைத்துச் சென்றால், நண்பர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பார்வையாளராகவே வீடு திரும்புவார். தத்துவ நாட்டம் உள்ளவருக்கு மட்டும், பிறகு இருவரும் பேசிக்கொள்ளும் உறுதியோடு, அது பயன்படும். காணொளி வழியாகக் கூடும் குழுக்கள் 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் ஆல்ஃபா உட்படப் பல வகுப்புகளுக்குப் பழகிப்போயின. தொலைவில் இருக்கும் நண்பருக்கும், வெளியேறும் சுதந்திரத்தை மிகவும் மதிக்கும் நண்பருக்கும் அவை ஏற்றவை. மௌனத்தைத் திரை தாங்காது என்பதால், ஆழமாகப் போக வேண்டிய இடத்தில் யாராவது அவசரமாகப் பேசி நிரப்பிவிடுவார்கள் என்பதே அவற்றின் குறை.

அழைப்பின் சொற்கள்

எந்த வழியானாலும், அழைக்கும் வாக்கியத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், நீங்கள் விசுவாசி என்பதால் இதைக் கேட்கிறீர்கள் என்ற உண்மை, மறுத்தால் ஒன்றும் மாறாது என்ற உறுதி. "மாற்கு என்ற நற்செய்தி நூலை எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் சேர்ந்து வாசிக்கலாமா? எனக்கு அது மிகவும் முக்கியமான நூல். உங்கள் கேள்விகளோடு வாசித்தால் நானும் புதிதாகப் பார்ப்பேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை." இவ்வளவு போதும். விருந்து என்று அழைத்து, அங்கே பிரசங்கியாரை உட்காரவைத்திருப்பது, மேலே சொன்ன 2011ஆம் ஆண்டு ஆவணம் கண்டிக்கும் ஏமாற்றுதலின் சிறிய வடிவம். அதில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்காகப் பல ஆண்டு நம்பிக்கையைக் கொடுத்துவிடுவோம்.

அழைப்பை ஒருமுறை தெளிவாகச் சொன்ன பிறகு, இரண்டாம் முறை அதைக் கிளப்புவதை நண்பரிடமே விட்டுவிடலாம். உங்களுக்குக் கீழ் வேலை செய்பவராகவோ, உங்களிடம் கடன்பட்டவராகவோ, உங்கள் உதவியைச் சார்ந்து வாழ்பவராகவோ இருப்பவரை அழைக்கும்போது இதில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். குறிப்பாக உங்களைச் சார்ந்திருப்பவரின் "சரி" என்ற பதில் அவருடைய விருப்பத்திலிருந்து வந்ததா, உங்கள் நிலையிலிருந்து வந்ததா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. அத்தகையவர் தாமாகக் கேட்கும்வரை முதல் வழியோடு நின்றுவிடுவதே முறை.

எட்டு வாரம் முடியும்போது

வாசிப்போ வகுப்போ முடியும் நாளில் நேராக ஒரு கேள்வி கேட்கலாம்: இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா, தொடரலாமா? பவுல் அத்தேனே பட்டணத்தின் அரியோபாகு மேடையில் பேசி முடித்தபோது மூன்று விதமான பதில்கள் வந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்த்தெழுதலைப் பற்றிக் கேட்டவுடன் சிலர் ஏளனம் செய்தார்கள். சிலர் இன்னொரு முறை கேட்போம் என்றார்கள். தியொனீசியு, தாமரி என்று பெயர் குறிக்கப்பட்ட இருவர் உட்படச் சிலர் விசுவாசித்தார்கள். நண்பரின் பதிலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர் போதும் என்றால் நன்றி சொல்லி நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் அதே நேரத்தில் வேறெதற்காவது அவரைச் சந்தியுங்கள். சந்திப்பே நின்றுபோனால், இதுவரை சந்தித்ததெல்லாம் இதற்காகத்தானா என்று அவர் நினைப்பதில் தவறிருக்காது. இன்னொரு முறை கேட்போம் என்கிறவருக்கு வேகத்தைக் கூட்ட வேண்டாம். லூக்காவையோ யோவானையோ அடுத்து எடுக்கலாம். இப்போது குழுவோடு பேச விருப்பமிருந்தால் வகுப்பு ஒன்றைத் தேடலாம். இரவில் இயேசுவிடம் வந்த யூதத் தலைவனான நிக்கொதேமு அன்று என்ன முடிவெடுத்தான் என்று யோவான் சொல்வதில்லை. ஏழாம் அதிகாரத்தில் யூதத் தலைவர்களின் சங்கத்தின் நடுவே தயக்கத்தோடு ஒரு வாக்கியம் பேசுகிறான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் இயேசுவின் உடலை அடக்கம் செய்வதற்காக ஏறத்தாழ நூறு இராத்தல் நறுமணப் பொருளோடு வருகிறான். ஒரே உரையாடலில் முடிவைக் கேட்டு நெருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

விசுவாசிக்கிறேன் என்று சொல்கிற நண்பருக்கு அடுத்து வேண்டியது நீங்கள் மட்டும் அன்று, ஒரு சபை. ஞானஸ்நானத்துக்கு அவசரப்படாமல், அவருடைய குடும்பத்தில் இது எப்படி எடுத்துக்கொள்ளப்படும், யாரிடம் எப்போது சொல்வது என்பதையெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கும் போதகரையோ அருட்தந்தையையோ அறிமுகப்படுத்துங்கள். ஆராதனைக்கு அவரை அழைத்துச் செல்லவும் இப்போது நேரம் வந்திருக்கிறது. அங்கே நடப்பது எதுவென்று முன்பே விளக்கி, அருகில் உட்கார்ந்து, அவர் கேட்கும்போது மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.